இரண்டு விரற்கடை தூரம்

என் அம்மாவுக்கு விரல் ரேகை கிடையாது. முழுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சுண்டு விரல்களில் கொஞ்சம் இருக்கிறது, இடது மோதிர விரலில் ஒரு ஓரமாக இருக்கிறது. மற்ற விரல்களைத் தடவிப் பார்த்தால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் தேய்ந்த சிப்பி மாதிரி வழவழவென்றிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் பாசி எடுத்த கை அது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது என்று பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் பழைய சேலையைக் கிழித்து விரலுக்கு விரல் சுற்றிக்கொண்டுதான் அம்மா கடலில் முங்குவாள். மரிக்கொழுந்துப் பாசி பாறையைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். துணி ரெண்டு மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம் விரல்தான் பாறையில் உரசும்.

பாம்பனில் நான் வலைக்கடை வைத்திருக்கிறேன். நைலான் நூல், கயிறு, ஈயக்குண்டு, மிதவை, தூண்டில் முள், இதுதான் வியாபாரம். கல்லாவுக்குப் பக்கத்தில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் மெஷினும் ஒன்று உண்டு. ஆதார் எண்ணைச் சொல்லி, வங்கிப் பெயரைச் சொல்லி, விரலை வைத்தால் கணக்கில் இருக்கும் பணத்தை நான் எண்ணிக் கொடுப்பேன். ஏடிஎம் தேடிப் போகமுடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறும் நாட்களிலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் தடைக்காலத்துக்கான 8,000 ரூபாய் நிவாரணம் ஏறும் நாட்களிலும் கடையில் நிற்க இடமிருக்காது.

அந்த நாட்களில் நான் பார்ப்பது விரல்களைத்தான். ஒரு அக்கா வருவார், கண்ணாடியில் விரலை வைப்பார், மெஷின் ஏற்காது. சேலையில் துடைத்துவிட்டு வைப்பார், ஏற்காது. நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை ஏற்றிக்கொண்டு வைப்பார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பிறகு இன்னொரு கை. பின்னால் வரிசையில் நிற்பவர்களைத் திரும்பிப் பார்ப்பார். ஏதோ அவர் தப்புச் செய்துவிட்ட மாதிரி முகம் போய்விடும். பத்து விரலும் ஒத்துழைக்காமல் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். கயிறு இழுத்த கை, நண்டு கழித்த கை, உப்பில் கருவாடு புரட்டிய கை. உழைத்து உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து ‘இது நீ இல்லை’ என்று ஒரு மெஷின் சொல்வதை என்னால் இன்றுவரை சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விரல் இல்லாவிட்டால் அட்டை. அட்டை என்றால் பின் நம்பர். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் நன்றாகத் தெரியும். ரூபாய்க் கணக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் காரணமே இல்லாத அந்த நாலு இலக்கம் மட்டும் மனதில் நிற்காது. அதனால் அட்டையின் காகித உறையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். மண்டபம் போகிறவர், ராமநாதபுரம் போகிறவர் யாராவது இருந்தால் உறையோடு அட்டையைக் கொடுத்து, “ஆயிரம் எடுத்துட்டு வாப்பா” என்பாள். ஒருமுறை அப்படிப் போன அட்டை ஆயிரம் எடுத்துக்கொண்டு வந்தது, கணக்கில் மூவாயிரம் குறைந்திருந்தது. யாரென்று அம்மாவுக்குத் தெரியும். எவ்வளவு கேட்டும் பெயரைச் சொல்லவில்லை. “அவன் வீட்டுல என்ன கஷ்டமோ” என்று முடித்துவிட்டாள். எனக்கோ பணம் போனதை விட வேறொன்று உறுத்தியது. தன் பணத்தை எடுக்க, தன் ரகசியத்தை ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டிய நிலையில் அவள் இருந்தாள்.

2022-இல் அந்த அட்டை காலாவதியாகி, புதுசு தபாலில் வந்தது. ரூபே அட்டை. முன்பக்கம் ஒரு மூலையில் நாலு வளைகோடுகள், படுக்கவைத்த வைஃபை படம் மாதிரி. இங்கே எல்லோரும் அதை ‘வைஃபை கார்டு’ என்றுதான் சொல்கிறார்கள். வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அட்டைக்கு இணையம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். கார்டு மெஷின் மேல் காட்டினால் போதும், 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமல் பணம் கட்டலாம். 2015-இல் இதை அனுமதித்தபோது ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு 2,000. 2021 ஜனவரி 1 முதல் அதை 5,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் என்றால் பின் போட்டாக வேண்டும். தொடர்ந்து பலமுறை காட்டினால், சின்னத் தொகைக்கும் சில சமயம் கேட்கும்.

அட்டை வந்த உடனே வேலை செய்துவிடவில்லை. தொட்டுக் கட்டும் வசதி, ஆன்லைன் வசதி, வெளிநாட்டு வசதி மூன்றும் புது அட்டையில் அணைத்துத்தான் வரும். அட்டைக்கு உரியவர் கேட்டால்தான் திறக்க வேண்டும் என்பது 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. நல்ல விதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. போன் செயலியில் ஒரு பொத்தானைத் தள்ளினால் திறந்துவிடும். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். எனவே கிளைக்குப் போனோம். எந்தக் கிளை என்று எழுதவில்லை, தேவையில்லை. முதல் நாள் சர்வர் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, அந்த வேலையைப் பார்ப்பவர் லீவு. மூன்றாம் முறை கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார், “இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? நீங்க இருக்கீங்கள்ல?”

பக்கத்திலேயே நிற்கிறவளிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டார். அம்மா பதில் சொன்னாள். “அவன் கடல்ல இறங்கிப் பாசி எடுக்கல சார். நான்தான் எடுத்தேன். எங் காசு.” அன்றைக்கே திறந்து கொடுத்தார்கள்.

முதல் தடவை தொட்டது ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக் கடையில். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் சேர்த்து 640 ரூபாய். கடைப் பையன் மெஷினில் தொகையை அடித்து அம்மா பக்கம் திருப்பினான். அம்மா சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து, சூடான தோசைக்கல்லைத் தொடுவது போல மேலே கொண்டுபோனாள். ஒட்டுவதற்கு முன்பே ‘பீப்’ என்றது. ரசீது வெளியே வந்தது. அம்மா கையை எடுக்கவில்லை.

“நம்பர் கேக்கலையேப்பா?”

“கேக்காதும்மா. முடிஞ்சுது.”

“யார்ட்டயும் சொல்ல வேணாமா?”

அந்தக் கேள்வியால்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். கைவீசும் நேரத்தில் பணம் கட்டலாம், க்யூவில் நிற்க வேண்டாம், சில்லறைத் தகராறு இல்லை என்றுதான் இந்த வசதியை எங்கும் புகழ்கிறார்கள். அவசரக்காரர்களுக்கு அது சரி. எங்கள் கரையில் யாருக்கும் நாலு விநாடி மிச்சமாவது பெரிதில்லை. ரேகை தேய்ந்தவளும், பின் நம்பர் மறந்துபோகிறவளும் இன்னொருவர் தயவில்லாமல் தன் கையால் மாத்திரை வாங்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஈரமும் உண்டு. கடல் வேலை செய்கிறவர்கள் கை எந்நேரமும் ஈரம். ஈர விரலுக்குத் தொடுதிரை சொன்னபடி கேட்காது. செதில் ஒட்டிய விரலை ரேகை மெஷின் ஏற்காது. அட்டையோ பாலிதீன் கவருக்குள் இருந்தாலும் வேலை செய்யும், கவரை அவிழ்க்கவே வேண்டாம். காந்தப்புலத்துக்கு பிளாஸ்டிக் ஒரு பொருட்டே இல்லை.

காந்தப்புலம் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அம்மா அன்று ராத்திரியே கேட்டாள், “கரண்டே இல்லாத அட்டை எப்படிப்பா பேசுது?” அவளுடைய பழைய அட்டை ஒன்று தொடு வசதி உள்ளதில்லை, அதில் காட்ட ஒன்றுமில்லை. காலாவதியான என் அட்டை ஒன்றை எடுத்து, போன் டார்ச்சுக்கு முன்னால் பிடித்தேன். உள்ளே ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லிய கோடுகள் நிழலாகத் தெரிந்தன. கத்தரியால் குறுக்கே வெட்டினேன். வெட்டு விளிம்பில், தலைமுடி பருமன்கூட இல்லாத செம்புக் கம்பியின் முனைகள் புள்ளி புள்ளியாக மின்னின. வலைக்கு நூல் கோக்கிற ஊசியில் நூலைச் சுற்றி வைப்போமே, அந்த மாதிரி சில சுற்றுகள். இரண்டு முனையும் போய்ச் சேர்வது அந்தத் தங்க நிறச் சில்லில்.

கடைக்காரரின் மெஷினுக்குள்ளும் இதே போல ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை முன்னும் பின்னுமாகப் போய்த் திரும்புகிறது. அப்படி ஓடும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் துடித்துக்கொண்டே இருக்கும். துடிக்கும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச் சுருளைக் கொண்டுபோய் வைத்தால் அதில் தானாக மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டு சொன்னது இது. டைனமோ, டிரான்ஸ்பார்மர் எல்லாம் ஓடுவது இதில்தான். அட்டையின் சில்லு அந்தச் சொட்டு மின்சாரத்தில் கண் விழிக்கிறது. தன் சுருளின் சுமையை ஏற்றி இறக்கி மெஷினுக்குப் பதில் சொல்கிறது. மெஷின் தன் புலத்தில் அந்தச் சின்ன அசைவை உணர்ந்து படிக்கிறது. தூண்டில் நூலைப் பிடித்திருக்கும் விரல், கீழே மீன் கடிப்பதை உணர்கிற மாதிரி என்று அம்மாவிடம் சொன்னேன். அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

தூரம்தான் இதன் சூட்சுமம். இந்தப் புலம் எட்டப் போகப் போக மடமடவென்று வலுவிழக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வலு எட்டில் ஒரு பங்கு வரைக்கும் இறங்கிவிடும். அதனால்தான் பணம் கட்டும் மெஷின்களில் அட்டையை ஏறக்குறைய 4 சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நம் பழைய கணக்கில் இரண்டு விரற்கடை.

சின்ன வயதில் தாத்தாவோடு உள்நாட்டுப் பக்கம் ஒரு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். வாங்குகிறவரும் தரகரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். வாய் பேசாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தும் மடக்கியும் விலை பேசுவார்கள். சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கரையில் மீன் ஏலம் அதற்கு நேர்மாறு, எட்டு வீட்டுக்குக் கேட்கும். இப்போது கடைகளில் ‘முந்நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் ஸ்பீக்கர் பெட்டி அந்த ஏலச் சத்தத்தோடு சேர்த்தி. திரையைப் பார்க்க நேரமில்லாத மீன்கார அக்காக்களுக்கு அது அவசியம்தான். ஆனால் அன்றைக்கு எவ்வளவு விற்றாள் என்பது தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. அட்டையைத் தொடுவது துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பது. கிட்ட வந்தவனிடம் மட்டும், கேட்ட தொகைக்கு மட்டும், ஒரு பதில்.

அந்தப் பதில் ஒருமுறைக்குத்தான் செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில்லு புதிதாக ஒரு சங்கேத எண்ணைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. அதை யாராவது ஒட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாலும் அடுத்த தடவை அது செல்லாது. பழைய காந்தப் பட்டை அட்டையில் எப்போதும் ஒரே தகவல்தான் இருக்கும். அதனால் ஒருமுறை நகல் எடுத்தால் போதும், திரும்பத் திரும்பத் திருடலாம். அந்த வகையில் இது எவ்வளவோ மேல்.

இருந்தாலும் பயம் இருக்கிறது. “பஸ்ல பக்கத்துல நின்னே காசை உருவிருவாங்களாமே” என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டாதவர்கள் குறைவு. நெரிசலில் ஒருவன் மெஷினை நம் பை மீது வைத்து அழுத்தினால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மெஷின் ஒரு வங்கிக் கணக்கில் பதிவானது. அதை வாங்க ஆதாரம், முகவரி, எல்லாம் கொடுத்தாக வேண்டும். நானே கொடுத்துத்தான் வாங்கினேன். எடுத்த பணம் அந்தக் கணக்கில்தான் போய் விழும். குறுஞ்செய்தி நம் போனுக்கு வந்துவிடும். திருடன் தன் வீட்டு விலாசத்தை எழுதி வைத்துவிட்டுத் திருடுவது போல அது. மனசு கேட்காவிட்டால் தகர டப்பாவில் போட்டு வையுங்கள், உலோகத்தைத் தாண்டி இந்தப் புலம் போகாது. அம்மா வீட்டில் அட்டையை ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவில்தான் வைக்கிறாள்.

எனக்கு நிஜமாகவே பயம் தரும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, அட்டை தொலைந்து போவது. கண்டெடுத்தவன் பின் தெரியாமலே சின்னச் சின்னத் தொகையாகத் தொட்டுக்கொண்டே போகலாம். இதற்கு வழி இருக்கிறது. தொடு வசதிக்கு உச்சவரம்பை நாமே குறைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஆயிரம் என்று வைத்திருக்கிறோம். சேமிப்பு வேறு கணக்கில், இந்தக் கணக்கில் மாதச் செலவுக்கான பணம் மட்டும். தொலைந்தது தெரிந்த நொடியே வங்கியின் இலவச எண்ணுக்குச் சொல்லி முடக்கிவிட வேண்டும். சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே தெளிவாக்கியிருக்கிறது. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, போனில் வரும் பேச்சு. 2024-இல் செக் நாட்டில் ஒரு மோசடி வெளிச்சத்துக்கு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு செயலியைப் போனில் போடச் சொல்லி, உங்கள் அட்டையை உங்கள் போனின் முதுகில் வையுங்கள் என்பார்கள். அந்தச் செயலி அட்டை பேசுவதை அப்படியே இன்னொரு போனுக்கு அஞ்சல் செய்யும். அங்கே ஒருவன் ஏடிஎம் முன்னால் நின்றுகொண்டிருப்பான். இரண்டு விரற்கடை என்ற காவலையே உடைக்கும் தந்திரம் இது. துண்டுக்கு அடியில் கை நம்முடையது என்று நினைத்தால், அதன் இன்னொரு முனை எங்கேயோ நீண்டு போயிருக்கிறது. எனவே யார் சொன்னாலும் அட்டையைப் போன் மேல் வைக்காதீர்கள். கடை மெஷினில் மட்டும், உங்கள் கையால், தொகையைக் கண்ணால் பார்த்த பிறகு.

தொகையைப் பார்ப்பது பற்றி அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரர் அடித்த எண்ணைத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். அதற்கப்புறம்தான் தொடுவாள். அட்டையைக் கடைக்காரர் கையில் கொடுக்கவே மாட்டாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாசியை வியாபாரியிடம் போட்ட காலத்தில் தராசு முள்ளைப் பார்த்து நின்ற பழக்கம்.

இந்த நுட்பத்துக்கு என்எஃப்சி என்று பெயர். ஒட்டிய தூரத் தொடர்பு என்று சொல்லலாம். நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூன்று கம்பெனிகளும் 2004-இல் கூடி இதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின. அதற்கு முன்பே ஹாங்காங்கில் 1997 முதல் ஆக்டோபஸ் அட்டையைத் தொட்டுத்தான் ரயில் ஏறினார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒன்றும் புதிதும் இல்லை. சிங்கப்பூர் போய் வந்த மாமா ஈஸி-லிங்க் அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கீழக்கரையில் துபாய்க்கு ஆள் போகாத வீடு குறைவு, நோல் அட்டையைப் பற்றி அவர்களிடம் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். சென்னையில் மெட்ரோவுக்கு 2023 ஏப்ரலில் சிங்காரச் சென்னை அட்டை வந்தது. ராமேஸ்வரத்து லாட்ஜ்களில் சாவிக்குப் பதில் அட்டை கொடுக்கிறார்களே, அதுவும் பல இடங்களில் இந்த இனம்தான். என் மதினிக்குச் சுகர் அதிகம். மேல்கையில் காசு அளவுக்கு ஒரு வில்லையை டாக்டர் ஒட்டிவிட்டார், போனை அதன் மேல் காட்டினால் அந்நேரத்துச் சர்க்கரை அளவு வருகிறது. ஊசி குத்திக் குத்தி ரணமான விரல்களுக்கு இரண்டு வாரம் ஓய்வு.

ஃபாஸ்டாக் வேறு. நண்டு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகும் வண்டி போகலூர் டோல்கேட்டில் நிற்காமலே நகர்வதும் பேட்டரி இல்லாத சில்லால்தான். ஆனால் அது பேசுவது வேறு அலைவரிசையில், பல மீட்டர் தூரத்துக்கு. கதவு திறக்க அது வசதி. என் அம்மாவின் பணப்பை அவ்வளவு தூரத்துக்குப் பேசுவதை நான் விரும்ப மாட்டேன்.

எல்லாம் சரி, சிக்னல்? அட்டைக்கு இணையம் வேண்டாம் என்றாலும் கடை மெஷினுக்கு வேண்டும். அதற்குள் ஒரு சிம் இருக்கிறது, அது வங்கியோடு பேசினால்தான் ‘பீப்’. தனுஷ்கோடியில் மீன் வறுத்து விற்கும் அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். காற்று பலமாக அடிக்கும் நாளில், கூட்டம் கூடிய நாளில், வாடிக்கையாளர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், மீன் கருகும் என்றார். இன்னும் போய் அரிச்சல்முனையில் நின்றால் சில போன்களுக்கு இலங்கை சிக்னல் வந்துவிடும். ‘ஸ்ரீலங்காவுக்கு வரவேற்கிறோம்’ என்று குறுஞ்செய்தி வந்ததைச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அங்கே நின்று நம் ஊர்ப் பணத்தைக் கட்டுவது பெரும்பாடு.

இதற்கும் ஒரு விடை வந்திருக்கிறது. யுபிஐ லைட் எக்ஸ் என்று 2023 செப்டம்பரில் அறிமுகப்படுத்தினார்கள். இரண்டு போனிலும் என்எஃப்சி இருந்து, சின்னத் தொகையை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், இணையம் இல்லாமலே போனோடு போனை ஒட்டிப் பணம் மாற்றலாம். கரையில், படகில், திருவிழா நெரிசலில், புயலுக்கு டவர் சாய்ந்த நாளில் உதவக்கூடியது. முதல் தடவை கேள்விப்பட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் என் போனை எடுத்து செட்டிங்ஸில் தேடிப் பார்த்தேன். என்எஃப்சி இல்லை. கடைக்கு வருகிறவர்களின் போன்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு வாரத்தில் இருபதுக்கும் மேல் பார்த்திருப்பேன், மூன்றில் இருந்தது. அந்த மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தவை. விலை குறைந்த போன்களில் செலவு மிச்சம் பிடிக்கக் கம்பெனிகள் முதலில் வெட்டுவது இதைத்தான். சிக்னல் இல்லாத இடத்தில் வாழ்கிறவர்களிடம் இருப்பதோ விலை குறைந்த போன். இதைச் செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது. ஒரு செம்புச் சுருளும் ஒரு சில்லும்தான் கூடுதல்.

அதுவரை அட்டைதான். கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூபே டெபிட் அட்டைக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. மெஷின் வாடகை மட்டும்தான். ‘கார்டெல்லாம் வேணாம், ஜிபே பண்ணுங்க’ என்று வயதானவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஜிபே இல்லாததால்தான் அவர்கள் அட்டையை நீட்டுகிறார்கள்.

அம்மாவின் அட்டை போன வருஷம் ஒருநாள் திடீரென்று ஊமையாகிவிட்டது. சொருகினால் வேலை செய்தது, காட்டினால் செய்யவில்லை. சுருக்குப்பைக்குள் சில்லறையோடு கிடந்து மடங்கி மடங்கி, உள்ளே அந்தச் செம்புக் கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது. புது அட்டைக்கு மறுபடி கிளை, மறுபடி படிவம், மறுபடி திறக்கச் சொல்லுதல். இந்தமுறை அம்மா தனியாகப் போனாள். நான் கடையில் இருந்தேன். புது அட்டை வந்ததும், வலைக்கு வரும் கனத்த பிளாஸ்டிக் பையைக் கத்தரித்து ஒரு உறை தைத்துக்கொண்டாள். உறையில் எதுவும் எழுதவில்லை.

முழங்கால் வலியால் அவள் இப்போது கடலில் இறங்குவதில்லை. சாயங்காலம் கடையில் வந்து ஸ்டூலில் உட்காருவாள். சென்ற பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னால் சின்னப்பாலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அம்மாவோடு பாசிக்குப் போனவளின் மகள். கரையேறி நேராக வந்திருக்கிறாள், விரல்களில் துணி சுற்றியபடி, சேலை சொட்டச் சொட்ட. நீச்சல் கண்ணாடி ஒன்றும் கொஞ்சம் கயிறும் வேண்டும் என்றாள். 380 ரூபாய். இடுப்பிலிருந்து முடிச்சுப் போட்ட பாலிதீன் கவரை எடுத்தாள். ரேஷன் கார்டும் ஏடிஎம் கார்டும் ஒன்றாய்த் தெரிந்தன. துணி சுற்றிய விரலால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அவுக்காதடி,” என்றாள் அம்மா. “அப்படியே வை.”

“நனைஞ்சிருக்கே பெரியம்மா.”

“நனையட்டும். மொதல்ல எவ்வளவு போட்டுருக்கான்னு படி.”

அவள் மெஷின் பக்கம் குனிந்தாள். தலைமுடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் திரையில் விழுந்தது, அதைப் புறங்கையால் துடைத்தாள்.

“முந்நூத்தி எம்பது.”

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு.”

கவரோடு சேர்த்து மெஷின் மேல் வைத்தாள்.